கழுகுப்பாறை என்று எழுதிய சீட்டு

நீர் எழுதின ஒரே ஒரு வரியால்தான் ஓய், என் தங்கச்சி இருபத்து நாலு வருஷமாக வெள்ளைச் சேலை கட்டுகிறாள். பாறை வழுக்கி விழுந்தான் என்று ஊர் சொல்லும். ஆடிச் சாரலில் ஏன் ஏறினான் என்று கேட்கிறவனும் இருக்கிறான். நான் அதெல்லாம் கேட்க மாட்டேன். தளவாயைக் கொன்றது உம்ம பேனா. அதை உம்ம முகத்துக்கு நேரே சொல்லத்தான் பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

உட்காரச் சொல்கிறீரா. சரி, உட்காருகிறேன். அது மருமகளா? மோர் வேண்டாம் தாயி. சரி, கொண்டா. வந்த வேகத்தில் தாகம்கூடத் தெரியவில்லை.

என்னைத் தெரிகிறதா உமக்கு? கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று வாசலிலேயே சொன்னாள். பலவேசம். மலைச்சரக்கு பலவேசம். தேன், மெழுகு, குங்கிலியம், கடுக்காய். இலைத் துரை முகாம் போட்ட இடமெல்லாம் ஆளும் அரிசியும் அனுப்பினவன். நீர் அப்போது துரைக்கு ரைட்டர். ஒடிசலாக இருப்பீர். குடை இல்லாமல் மலையில் ஒரு அடி வைக்க மாட்டீர். அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தூளை அப்பிக்கொண்டு, ஊர்ப்பட்ட தும்மல் தும்முவீர். தெரிகிறதா? தெரியும். தெரியாமல் எங்கே போகும்.

வந்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கழுகுப்பாறைக்கு ஒரு ஆள் ஏறப் போகிறான். நீர் எழுதின அதே சீட்டை வைத்துக்கொண்டு, அதே மரத்தைத் தேடி. பாரஸ்ட் கார்டு. பெயர் கொம்பையா. என் மருமகன். தளவாய் பெற்ற பிள்ளை. அப்பன் செத்தபோது அவனுக்குத் தலை நிற்கவில்லை.

அங்கே அந்த மரம் கிடையாது. சீட்டு தப்பு. அது தப்பு என்று நீர் உம்ம கையால் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான். எழுதித் தந்தால் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

என்ன பார்க்கிறீர். நீர் யாரையும் அடித்தீர் என்றா சொன்னேன்? எழுதினீர் என்றுதான் சொல்கிறேன். எழுத்து அடியைவிட மோசம். அடித்த தழும்பு ஆறும். அந்தச் சீட்டு அப்படியேதான் இருக்கிறதாம். நாலு மாதம் முன்னே ரேஞ்சர் ஆபீஸ் பீரோவைத் திறந்து பார்த்தார்களாம். மை மங்கவில்லையாம். அவ்வளவு நல்ல கையெழுத்து உமக்கு.

துரையைக் குறை சொல்ல மாட்டேன். ஹெப்பர்ன் துரை, நம்ம இலைத் துரை, இருபத்து மூணு வயசில் இந்த மலைக்கு வந்தவர். காட்டிலாகா வேலை. மரத்தை அளக்கிறது, தீ பரவாமல் கோடு வெட்டுகிறது, எல்லைக்கல் நடுகிறது. ஒரு மூங்கில் வெட்டினவனுக்கும் அபராதம். மலையில் குடியிருக்கிற காணிக்காரன் ஒருத்தன் தேனுக்குப் புகை போட்டுப் புல் எரிந்துபோனதற்கு அவனை அம்பாசமுத்திரம் லாக்கப்பில் பத்து நாள் வைத்தார். மரம் விழுந்தால் தொப்பியைக் கழற்றுவார், மனுஷன் விழுந்தால் காரணம் கேட்பார் என்று தளவாய் சொல்வான். இரண்டாம் வருஷம் துரைசாணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஆற்றங்கரையில் புதைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு இலை, பூ, காய் என்று பிடித்தது. கண்ணில் படுகிற செடியெல்லாம் ஒடித்து, தாளுக்கு நடுவே வைத்து, பலகை போட்டு வாரால் இறுக்கி, கரியடுப்பு மேலே காயவைத்து. தினம் காலையில் ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாள் மாற்றின பிறகுதான் ஒரு வாய் காப்பி குடிப்பார். ஒரு ஐப்பசியில் ஆறு முகாமுக்குள் வந்தது, நினைவிருக்கிறதா? கூடாரம் போயிற்று, கட்டில் போயிற்று, அவருடைய மருந்துப் பெட்டி போயிற்று. துரை கட்டுப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நீர் ஆலமரத்தில் ஏறி இருந்தீர்.

சிரிக்காதீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எதுவுமே வருவதில்லை, ரொம்ப நாளாக.

தளவாய் துரைக்கு மரம் ஏறுகிறவன். என் தங்கச்சி ஆவுடையை நான்தான் அவனுக்குக் கட்டிக்கொடுத்தேன். ஒன்றும் இல்லாத பயல். ஆனால் அவன் ஏறுகிற அழகு இருக்கிறதே. உச்சிக் கொம்பில் பூவை ஒடித்துக் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவான். கையில் பிடித்தால் இதழ் கசங்குமாம். துரை அவனுக்கு இங்கிலீஷ் பேரெல்லாம் சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷ் இல்லையாம், லத்தீனாம். வீட்டில் ஒரு ஆட்டுக்கு அப்படி ஒரு பேர் வைத்திருந்தான். "மிமூசாப்ஸ், இங்க வாலே" என்று கூப்பிடுவான். ஆடு வரும். ஆவுடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

தளவாய் சாவதற்கு இரண்டு வருஷம் முன்னே, பங்குனி மாதம். என் குத்தகை முடிகிற சமயம். தேனும் குங்கிலியமும் எடுக்கிற உரிமையை மேலும் இரண்டு வருஷத்துக்கு எனக்கே தர வேண்டும் என்று துரையிடம் நடையாய் நடக்கிறேன். கடையத்துக்காரன் ஒருத்தன் போட்டிக்கு நிற்கிறான். பள்ளிக்கூட வாசலை மிதியாதவன் நான். எட்டு வயசில் கடுக்காய் பொறுக்கப் போனவன். என்னிடம் இருந்ததெல்லாம் கண்ணும் வாயும்தான். துரைக்குப் பணம் ஆகாது, கோழி ஆகாது, மாம்பழக் கூடை வைத்தால் உம்மிடம் தள்ளிவிடுவார். அவருக்கு ஆகிறது ஒன்றே ஒன்று, அவர் பார்க்காத செடி.

கூவைப் பள்ளம் தெரியுமா உமக்கு? எங்கே தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு மேட்டுக்கு நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். என் குங்கிலிய மரம் முழுக்க அங்கேதான். பெருந்தேன் கட்டுகிற பாறையும் அங்கேதான். என் பிழைப்பே அந்தக் கிண்ணத்துக்குள் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மரம். ஒன்றே ஒன்று. அகல இலை, வெள்ளைப் பூ. காணிக்காரர்கள்கூட அதற்குப் பேர் வைக்கவில்லை. விறகுக்கு ஆகாது, மருந்துக்கு ஆகாது. ஆகாத மரத்துக்கு எவன் பேர் வைப்பான்?

ஒரு கொப்பை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து துரை மேசையில் வைத்தேன். நீர் பக்கத்தில் இருந்தீர். துரை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரு பூவை ஊசியால் பிளந்து பார்த்தார். அரைமணி நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பலவேசம், இது புதுசு. உலகத்தில் ஒரு ஆளும் இதைப் பார்க்கவில்லை."

"நான் பாத்திருக்கேனே துரை" என்றேன்.

சிரித்தார். துரைசாணி போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். புதுச் செடிக்குப் பேர் வைப்பார்களாம். என் பேரை வையுமே என்று கேட்டுப் பார்த்தேன். கேட்கிறதில் என்ன நட்டம். அவர் ஊரில் யாரோ ஒரு சிநேகிதர் பேரை வைத்துவிட்டார்.

அப்புறம் கேட்டார், "எங்கே?"

இந்த இடத்தில் நன்றாகக் கேட்டுக்கொள்ளும். மலைச்சரக்கு யாவாரத்தில் ஒரு முறை உண்டு. எடுத்த இடத்தைச் சொல்லக் கூடாது. பெண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது. வடக்கே எடுத்தால் தெற்கே என்று சொல்ல வேண்டும். பள்ளத்தில் எடுத்தால் மேட்டில் என்று சொல்ல வேண்டும். கேட்கிறவனுக்கும் அது தெரியும். "தேன் எங்க எடுத்திய?" என்பான். "பாணதீர்த்தத்துக்கு மேல" என்பேன். சரி, அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டு போவான். கும்பிட்டால் கும்பிடுகிற மாதிரி, அது ஒரு மரியாதை. இதில் பொய் என்று ஒன்றும் கிடையாது.

அது போக, அந்த மாதம்தான் துரை ரிசர்வ் காட்டு எல்லைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார். கூவைப் பள்ளம் என்று வாயைத் திறந்தால் மறுநாளே அங்கே எல்லைக்கல் விழும். புது மரம் இருக்கிற இடத்தில் என்னைக் குங்கிலியம் கீற விடுவாரா? நான் என்ன செய்ய. இருக்கிறதிலேயே எவனும் போகாத இடம் எது என்று யோசித்தேன். "கழுகுப்பாறை" என்றேன். எந்தப் பக்கம் என்றார். "மேக்கால" என்றேன். மேற்குப் பக்கம் செங்குத்து, கீழே நூறு பனை ஆழம். யாரும் போய்ப் பார்த்துவிட முடியாது பாரும், அதற்காக.

காய்ந்த கொப்பை ஒட்டுகிற தாளின் மூலையில் ஒட்ட ஒரு சீட்டு, அதில் நீர் எழுதினீர். அதைத்தான் கேட்கிறேன். ஒரு யாவாரி வாயால் சொன்ன இடத்தை ஒரு மனுஷன் அப்படியே எழுதுவானா? உமக்கு வயசு அப்போது ஐம்பது இருக்கும். சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருப்பீர். காலையில் பறித்தது என்றால் நம்புவீரா? கிள்ளிப் பார்க்க மாட்டீர்? கழுகுப்பாறை, மேற்கு முகம், நாலாயிரம் அடி. நாலாயிரம் அடி என்று நான் சொன்னேனா? உயரத்தைப் பற்றி நான் மூச்சே விடவில்லை. வரைபடத்தைப் பார்த்து நீராகப் போட்டீர். வெறும் பாறை என்று இருந்திருந்தால் அது யாவாரிப் பேச்சு. அடிக்கணக்கைச் சேர்த்தீரே, அப்போதுதான் அது நிஜமாகிப் போயிற்று. நானே ஒரு நாள் அந்தச் சீட்டை வாசிக்கக் கேட்டபோது, ஒருவேளை அங்கேயும் ஒன்று நிற்கிறதோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

குத்தகை எனக்குத்தான் வந்தது. பள்ளம் ரிசர்வுக்கு வெளியே நின்றது. இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை.

இரண்டாம் வருஷம் ஆடியில் துரைக்குச் சீமையிலிருந்து கடுதாசி வந்தது. பூ மட்டும் போதாது, காய் வேண்டும், விதை வேண்டும், இல்லாவிட்டால் புதுசு என்று ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று. துரைக்கு அட்டைப்புண் பழுத்துக் கால் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. கூடாரத்தில் படுத்தபடி சீட்டை வாசிக்கச் சொன்னார். நீர் வாசித்தீர். தளவாய் கயிற்றை மடித்துக்கொண்டு நிற்கிறான். நானும் நிற்கிறேன். நீர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டீர்: "பலவேசம், இந்த இடந்தானே?"

கேட்டீர். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எப்படிக் கேட்டீர்? மழை வருமா என்று கேட்கிற மாதிரி. அப்படிக் கேட்டால் ஒருத்தன் என்ன சொல்வான்? "அதான் எழுதியிருக்கே" என்றேன். எழுதினதற்கு எதிராக நான் எப்படிப் பேசுவேன்? அந்த வாரம்தான் குத்தகையைத் திருப்பிக் கையெழுத்துப் போடுகிறார். இடம் மாற்றிச் சொன்னேன் என்று தெரிந்தால் கடையத்துக்காரனுக்குப் போய்விடும். என்னை நம்பி நாற்பது குடும்பம் மலையில் நிற்கிறது.

தளவாய் என்னிடம் தனியாகக் கேட்டான். "மச்சான், மேக்கால எங்கன கூடி ஏறினிய? எனக்கு வழியே தெரியலயே."

"சீட்டுல போட்டிருக்கபடி ஏறு மாப்ளே" என்றேன்.

"சாரலா இருக்கே."

"இல்லாட்டி இல்லன்னு வந்து சொல்லு. ஒன்ன யாரு அடிக்கப் போறா."

நான் நினைத்தது இவ்வளவுதான். போவான், பார்ப்பான், இல்லை என்பான், வருவான். ஆனால் அவன் வெறுங்கையோடு வருகிறவன் இல்லை பாரும். நாலாயிரம் அடி என்று எழுதியிருக்கிறதே, அப்படியானால் இருக்கும் என்று ஒவ்வொரு இடுக்காகத் தேடியிருக்கிறான். இருக்கிறதைத் தேடுகிறவன் கண்டவுடனே நின்றுவிடுவான். இல்லாததைத் தேடுகிறவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது.

மூணாம் நாள் அடியில் கண்டெடுத்தோம். துரை டோலியில் வந்தார். தளவாய் பல்லில் ஒரு கொப்பு கடித்தபடி இருந்தது. வேறு எதுவோ, ஒரு சாதாரணச் செடி. துரை குனிந்து அவன் வாயிலிருந்து அதை எடுத்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கே அதைத் தாளில் வைத்துப் பலகை கட்டினார் என்று சமையல்காரன் சொன்னான். எல்லாரும் அழுதார்கள். நீரும் அழுதீர். எனக்கு ஒன்றும் வரவில்லை. கீழே இறங்கி வந்தேன், தேன் தகரம் மூடாமல் கிடந்தது, மூடினேன். எறும்பு விழுந்திருந்தது, எடுத்துப் போட்டேன். அப்படியே இருட்டிவிட்டது.

ஆவுடை என் வீட்டு நடையை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர். பெண்பிள்ளைகள் பிடிவாதம். அரிசி அனுப்பினேன், திருப்பி அனுப்பினாள். பிள்ளைக்குச் சட்டை அனுப்பினேன், அதையும். பீடிக்கு இலை வெட்டி, வயல் வேலைக்குப் போய் அவனை வளர்த்தாள். நான் அவளுக்கு என்ன செய்தேன்? சொல்லும். நான் எழுதினேனா?

துரை கதையை முழுசாகக் கேளும், அப்புறம்தான் நீர் மாற்றலாகி சேலம் பக்கம் போய்விட்டீரே. அதற்குப் பிறகு வருஷா வருஷம் பங்குனியில் துரை கழுகுப்பாறைக்குப் போனார். அந்தக் காலோடு. நாலு வருஷம். டோலிக்கு ஆள் நான்தான் அனுப்பினேன், நானும் கூடப் போனேன். பாறைக்கு அடியில் இறங்கி முழங்காலில் ஊர்ந்து போவார். அண்ணாந்து அண்ணாந்து பார்ப்பார். நான் சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பேன். நாலாம் வருஷம் இறங்கி வருகிற வழியில் கேட்டார், "பலவேசம், நீ பார்த்தது ஒரு மரமா, இரண்டு மரமா?"

"ஒண்ணுதான் துரை. காத்துல போயிருக்கும்."

"ஆமாம்" என்றார். "காற்றில் போயிருக்கும்." என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அவ்வளவு பெரிய ஆள், கனமே இல்லை. அதே வருஷம் சீமைக்குக் கப்பல் ஏறினார். மறு வருஷம் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. இருபத்தாறு வருஷம் இந்த மலையில் கிடந்து, தலையணை மாதிரி ஒரு புத்தகம் போட்டிருக்கிறாராம். அதில் அந்த மரமும் இருக்கிறதாம். கழுகுப்பாறை, மேற்கு முகம், நாலாயிரம் அடி, வேறெங்கும் இல்லை. அச்சடித்துவிட்டார்கள். நீர் எழுதினது இப்போது லண்டனில் இருக்கிறது.

கூவைப் பள்ளத்து மரமா? இல்லை.

குங்கிலியம் வற்றிப் போயிற்று. துரை போன பிறகு பள்ளத்தைக் காப்பித் தோட்டக்காரருக்குப் பேசி விட்டேன். சுத்தமாக வெட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆள் விட்டு வெட்டினேன். அதுவும் அதோடு போயிற்று. எந்த நாள், எந்த விறகு அடுக்கில் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காப்பிக்கொட்டை வறுக்கிற அடுப்புக்காரன் ஒரு நாள், "என்ன சவத்து வெறகு அண்ணாச்சி, ஒரே பொகை" என்று சொன்னான். அதுவாக இருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சீமையிலிருந்து மறுபடியும் கேட்டிருக்கிறார்களாம், அந்த மரம் இருக்கிறதா இல்லையா என்று. ரேஞ்சர் ஆபீசில் கார்டுகளைக் கூட்டி, யார் போகிறீர்கள் என்றாராம். கொம்பையா கையைத் தூக்கியிருக்கிறான். எங்க அப்பா விட்ட வேலை, நான்தான் முடிப்பேன் என்று. அப்பனைப் போலவே ஏறுவான் பயல். அந்தக் கழுத்து, அந்தத் தோள். எனக்குப் பார்க்கவே பிடிக்காது.

நான் போய்ச் சொன்னேன். "மருமவனே, அங்க மரம் இல்ல. சீட்டு தப்பு."

"அப்பம் எங்க மாமா இருக்கு?"

"எங்கயும் இல்ல."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரைட்டர் தப்பா எழுதிட்டாரு."

அவன் என்னைப் பார்த்தான். நிதானமாகத்தான் பேசினான், குரல் உயரவில்லை. "மாமா, எங்க அப்பா தப்பான எடத்துல போயி செத்தாருன்னு சொல்லுதிய. இருவத்து நாலு வருசம் இத எங்க வச்சிருந்திய? ஒரு பக்கம் துரை பொஸ்தகம். இந்தப் பக்கம் நீங்க. நான் யார நம்ப? ரைட்டர் எழுதினா ரைட்டர் சொல்லட்டும்."

ரேஞ்சரிடமும் போனேன். நல்ல மனுஷர், நாற்காலி போட்டார். ஒட்டின தாளில் இருக்கிற சீட்டை யாரும் அடிக்கவோ திருத்தவோ கூடாதாம். சட்டமாம். வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு துண்டு ஒட்டலாம், அதுவும் எழுதினவனே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டால். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றார். இருக்கிறார், பாளையங்கோட்டையில் பென்ஷன் வாங்குகிறார் என்றேன். அப்படியானால் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வாரும், உத்தரவை நிறுத்தி வைக்கிறேன் என்றார்.

நேற்று ஆவுடை வந்தாள். என் வீட்டுக்கு. உள்ளே வரவில்லை, வாசலில் வெயிலில் நின்றாள். முடியெல்லாம் நரைத்துவிட்டது, எனக்கு அடையாளமே தெரியவில்லை. யாரம்மா என்று கேட்டுவிட்டேன். "அண்ணே, அவன நிறுத்து. ஒனக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். எனக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறாள்? ராத்திரி முழுக்க அதை யோசித்தேன். காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

அதனால் எழுதும். இப்படி எழுதினால் போதும்: கழுகுப்பாறை என்று நான் எழுதியது பிழை, கவனக்குறைவு. கீழே கையெழுத்து. உமக்கு என்ன குறைந்துபோகும்? எண்பதை நெருங்குகிறீர். பென்ஷனைப் பிடுங்க மாட்டார்கள், நான் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன்.

என்ன சொல்கிறீர்? சத்தமாகச் சொல்லும்.

நான் சொன்னதைத்தான் எழுதினீரா. ஆமாம் ஓய். அதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன். சொன்னதை எழுதுகிறதுக்கு ஒரு கிளிப்பிள்ளை போதாதா? நீர் படித்தவர். நான் தற்குறி. ஒரு தற்குறிப் பயல் பிழைப்புக்காக ஒரு வார்த்தை சொன்னான். அதைப் பிடித்துப் பசை போட்டு ஒட்டி வைத்தது யார்?

சரி. கோபம் வேண்டாம். கவனக்குறைவு என்கிற சொல் வேண்டாம் என்றால் விட்டுவிடும். இடம் நிச்சயமில்லை என்று எழுதும். முடியாதா? பிறர் சொல்லக் கேட்டு எழுதியது என்று போடும். அதில் உமக்கும் பழுதில்லை, எனக்கும் பழுதில்லை.

யார் சொல்லக் கேட்டு என்று கேட்பார்களா. கேட்பார்கள். அந்த ரேஞ்சர் கேட்பார். கொம்பையா கண்டிப்பாகக் கேட்பான்.

நீர் விடாக்கண்டன் ஓய். துரையிடம் கூட நான் இவ்வளவு இறங்கினதில்லை.

ஒரு வியாபாரி சொன்னான் என்று போடும்.

பேர் இல்லாமல் செல்லாதா.

நல்லது. பலவேசம் என்று போடும். கடைசியில், சின்ன எழுத்தில். மலைச்சரக்கு பலவேசம் சொன்னது. கூவைப் பள்ளத்தில் எடுத்ததைக் கழுகுப்பாறை என்று சொன்னது. பொய் என்று போட வேண்டாம். அது யாவார முறை, நான்தான் விளக்கிச் சொன்னேனே.

பேனாவைக் கீழே வைக்கிறீரே. அந்தச் சொல் இல்லாவிட்டால் அவன் நம்ப மாட்டான் என்கிறீரா? மாமா எதையோ மழுப்புகிறார் என்று கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்கிறீரா?

போவான். அப்படியே போவான்.

சரி, அதையும் போடும். பொய் சொன்னான் என்றே போடும். தெரிந்தே சொன்னான், தளவாய் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை என்று போடும். எத்தனை வரி வேண்டுமோ எழுதிக்கொள்ளும், என் தரப்பில் இனிக் குறைக்க ஒன்றும் இல்லை. அடியில் ரேகை வைத்துத் தருகிறேன். ஆனால் எழுத்து உம்முடையதாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சீட்டை எழுதின கைக்கு மட்டும்தான் அந்தத் தாளில் இடம் உண்டு. கண் தெரியாவிட்டால் உம்ம மருமகள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். மணி ஒன்றரை ஆகிறது. அவன் வெள்ளிக்கிழமை விடியலில் ஏறுகிறான். ஓய், நீர் எழுதினதை நீர்தான் அடிக்க வேண்டும். எழுதும்.